பல் வைத்தியசாலைக்கு யார் பரிசோதகர்?

முத்துக்குளிப்பு நடந்த அந்த நாளில் நம் தூத்துக்குடிக் கடலில் சர்க்கார் என்ன செய்தது? முதலில் பார்களைப் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே குளிக்க உத்தரவு கொடுத்தது. (சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடற்கட்டிக்கும் பங்கு அளந்தது வேறு வேடிக்கை!) வருமானம் தரும் சிப்பிக்கு அவ்வளவு பரிசோதனை. மனிதன் வாய்க்கு?

திருப்பத்தூர் ஜில்லா வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் வைத்தியசாலைக்குச் சென்ற 10 பேருக்கு 2023 வாக்கில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் கண்டு, 8 பேர் மாண்டார்கள். வாய்க்குள் உபயோகிக்கும் கருவியாலேயே சலைன் புட்டியைத் திறந்து, அரைகுறையாக மூடி, அதையே மற்றவர்களுக்கும் ஊற்றினார்கள் என்று 2025-ல் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகின்றது.

"அவர்கள் விதி முடிந்தது" என்பார்கள் நம் வைதிகர்கள். எந்த விதி? மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-ல் சட்டம் செய்து, அதற்கு விதிகளை 2018-ல் வெளியிட்டார்களே, அந்த விதியா? ஆயுத பூஜையன்று கருவிக்குச் சந்தனம் பூசினால் கிருமி சாகாது. 121 டிகிரி அழுத்த நீராவியில் 15 நிமிஷம் வைத்தால் சாகும்.

அதிகாரி வந்து, சுவரில் மாட்டிய சர்டிபிகேட்டைப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போவதைப் பரிசோதனை என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. நீராவிப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். திறந்து கிடக்கும் புட்டியைக் கொட்டச் சொல்லட்டும். கண்டதை எழுதி வாசலில் ஒட்டட்டும்.

அதுவரை, உப்பளத் தோழர்களே, துறைமுகத் தோழர்களே, நாற்காலியில் உட்காருமுன் "கருவியை அவித்தீர்களா? புட்டி புதிதா?" என்று கேளுங்கள். டாக்டர் கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.