சிறு திருத்தமும் சீரிய பணியே

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு உலகம் மாலை சூட்டுகிறது. கண்டுபிடித்த பொருளைத் தூசி தட்டி, பழுது பார்த்து, நேற்றைவிட இன்று சற்று நன்றாக ஓட வைப்பவரை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. கணிப்பொறி உலகமும் இதற்கு விலக்கன்று. இந்தப் பாகுபாடு தவறானது என்பது என் துணிபு. அதற்குச் சான்றாக, நம் ஆய்வகத்தில் அன்றாடம் பயன்படுத்தியும் நாம் எண்ணிப் பாராத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் கம்பைலர்.

பதினொன்றாம் வகுப்பில் நாம் சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதுகிறோம். கணிப்பொறிக்கு அம்மொழி தெரியாது. சுழியமும் ஒன்றும் மட்டுமே தெரியும். நாம் எழுதியதை அதற்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தானும் உள்ளுக்குள் நம் வரிகளைச் சுருக்கக் கட்டளைகளாக மாற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி முதன்முதலாக இப்படியொரு நிரலை உருவாக்கினார். ஆம், கம்பைலரும் ஒரு நிரலே. மனிதர் எழுதியது, ஆகவே மெதுவாக ஓடும் இடங்களும், குழம்பிக் கிடக்கும் மூலைகளும் அதிலும் உண்டு.

அந்த மூலைகளைத் துப்புரவு செய்வோரின் வேலை எப்படிப்பட்டது? ஒரு நாளைக்கு எத்தனை நொடி என்பதற்கு 24 பெருக்கல் 60 பெருக்கல் 60 என்று நாம் எழுதுகிறோம். ஒவ்வொரு முறையும் இதைப் பெருக்க வேண்டுமா? வேண்டாம். மொழிமாற்றும்போதே பெருக்கி 86,400 என்று எழுதி வைத்துவிடுகிறது கம்பைலர். கேட்கும்போது இது அற்ப வேலையாகத் தோன்றும். ஆயின் அந்த வரி ஒரு மடக்கினுள் இருந்து பத்து இலட்சம் முறை ஓடினால்?

மடக்கு என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டிய தலைமுறை அது. ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. பசைக் கிண்ணம் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நொடி வீண். பத்துக் குரோசுக்கு 1,440 நொடி, அதாவது 24 நிமிடம். கிண்ணத்தை ஒருமுறை நகர்த்தி வைப்பதற்கு ஆகும் நேரமோ ஒரே நொடி. மடக்கினுள் மாறாமல் இருக்கும் வேலையை மடக்குக்கு வெளியே எடுத்து வைப்பது என்று கணிப்பொறி அறிஞர்கள் பெரிய பெயரிட்டு எழுதியிருப்பதும் இதுவே. பள்ளிக்கூட வாசலை மிதித்திராத எத்தனையோ பாட்டிமாருக்கு இது கைப்பழக்கமாக இருந்தது.

நம் செய்முறை வகுப்பிலிருந்தே ஒரு காட்டு. நாற்பது மாணவியரின் மதிப்பெண்ணில் சராசரிக்கு மேல் எடுத்தவர் எத்தனை பேர் என்று காண வேண்டும். சராசரியை மடக்கினுள்ளேயே கணக்கிட்டால், நாற்பது முறையும் நாற்பது எண்களைக் கூட்டுகிறோம். மொத்தம் 1,600 கூட்டல். வெளியே ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் நாற்பதே. நாற்பது பேருக்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 20,000 பேரென்று வைத்துக்கொண்டால் ஒரு வழியில் 20,000 கூட்டல், மறு வழியில் 40 கோடி! நல்ல சி பிளஸ் பிளஸ் கம்பைலர் சில வேளைகளில் தானே இதைக் கண்டு திருத்திவிடும். பைத்தான் திருத்தாது, நாம்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருத்தி தன் நிரலைத் திருத்தினால் அவள் நிரல் மட்டும் விரைவாகும். கம்பைலரைத் திருத்தினால் அதன் வழியே செல்லும் எல்லா நிரல்களும் விரைவாகும். எழுதியவர் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் பைத்தானின் 3.11 பதிப்பு வெளிவந்தது. முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக ஒன்றேகால் மடங்கு வேகம் என்று அதை உருவாக்கியோர் அளந்து அறிவித்தனர். ஒரே மந்திரத்தால் வந்த வேகமன்று அது. செயற்கூறுகளை அழைக்கும் முறையில் ஒரு சிக்கனம், பிழை கையாளும் முறையில் ஒரு சிக்கனம், அடிக்கடி வரும் கட்டளைக்கு ஒரு குறுக்குவழி என்று பல சிறு திருத்தங்கள் கூடிச் சேர்ந்த பயன்.

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியை என்பதை நம் மாணவியர் அறிய வேண்டும். ஃபிரான்சஸ் ஆலன் நியூயார்க் மாநிலத்துப் பண்ணை வீட்டில் பிறந்து, கணக்கு ஆசிரியையாகப் பணியாற்றியவர். படிப்புக் கடனை அடைப்பதற்காக 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். கடன் தீர்ந்ததும் மீண்டும் பள்ளிக்கே திரும்புவதாக எண்ணம். அங்கே அறிவியலாளர்களுக்கு ஃபோர்ட்ரான் மொழி கற்பிக்கும் பொறுப்பு வந்தது. கற்பிப்பதற்காக அதன் கம்பைலரையே ஊன்றிப் படித்தார், பள்ளிக்குத் திரும்பவில்லை. நிரல் செல்லும் வழிகளை வரைபடமாக்கி, எங்கெங்கே வீண் வேலை நடக்கிறது என்று கண்டறியும் முறைகளை வகுத்தார். கணிப்பொறித் துறையின் தலைசிறந்த விருதான டியூரிங் விருது 1966 முதல் வழங்கப்படுகிறது. அதனை முதன்முதலாகப் பெற்ற பெண் இவரே, ஆண்டு 2006. நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்!

கன்னியர் மடத்துக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஒரு கத்தோலிக்கக் கன்னியர்தாம். அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965-இல் அப்பட்டம் பெற்று, கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். சிறு செயல்களை அன்போடு செய்வதே தம் வழி என்ற சிறுமலர் தெரேசம்மாளின் படத்தை மாட்டி வைத்திருக்கும் நாம், சிறு திருத்தத்தை மட்டும் இளக்காரமாகப் பார்ப்பது பொருந்துமா?

வேகம் ஒருபுறம் இருக்க, துப்புரவு என்பது வேறொரு வேலை. வேகம் கூடாவிட்டாலும், குழப்பம் குறைந்தால் அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ள முடியும். இதற்கு ஏற்ற ஒப்புமை நம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. பாட்டியின் பழைய செபப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். லை, ளை, ணை, னை ஆகிய நான்கும் யானைத் தும்பிக்கை போல் வளைந்த தனி வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா வரிசைக்கும் தனி வடிவம். பெரியார் 1935 முதலே தம் குடி அரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்று, 1978-இல் தமிழக அரசு 13 எழுத்துகளை மற்ற எழுத்துகளின் விதிக்குள் கொண்டுவந்தது. ஓர் எழுத்தின் ஒலியும் மாறவில்லை. ஒரு சொல்லின் பொருளும் மாறவில்லை. ஆனால் அச்சுக் கோப்பவருக்குத் தனி அச்சுகள் வேண்டாமாயின. குழந்தைக்கு விதிவிலக்குகள் குறைந்தன. அச்சகங்கள் நிறைந்த சிவகாசிக்கு இதன் அருமை விளங்கும். நல்ல நிரல் துப்புரவும் இதுவே: பொருள் மாறாமல் விதிவிலக்கைக் குறைப்பது.

மறுப்புரை கூறுவோர் உண்டு. இன்றைய கணிப்பொறிகள் அசுர வேகத்தில் ஓடும்போது நொடியின் துணுக்குகளை எண்ணுவது கஞ்சத்தனம் அல்லவா என்பர். அதில் பாதி உண்மையே. டொனால்ட் குனூத் என்ற அறிஞர் 1971-இல் பல ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்தார். பொதுவாக நிரலின் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை விழுங்குகிறது என்று கண்டார். எனவே எல்லா வரியையும் செதுக்கிக்கொண்டிருப்பது வீண். முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் திருத்துபவர், வலிக்கும் பல்லை விட்டு நல்ல பல்லைப் பிடுங்குபவர்.

அதைவிடக் கடுமையான எச்சரிக்கை ஒன்று உண்டு. சி பிளஸ் பிளஸ் மொழியின் விதி, கம்பைலர் என்ன மாற்றம் செய்தாலும், நிரலின் வெளிப்படையான நடத்தை, எழுதியபடியே ஓடியதுபோல் இருக்க வேண்டும் என்கிறது. எழுதியவர் மொழியின் விதியை மீறினாலோ, இந்தப் பாதுகாப்பு இல்லை. 2009-இல் லினக்ஸில் இது நிகழ்ந்தது. ஒரு நினைவக முகவரியை முதல் வரியில் பயன்படுத்திவிட்டு, அது வெறுமையானதா என்ற சோதனையை அதற்குப் பின் எழுதியிருந்தார்கள். முன்பே பயன்படுத்தியாயிற்று, ஆகவே வெறுமையாக இருக்க முடியாது, சோதனை வீண் என்று முடிவு செய்து கம்பைலர் அதை நீக்கிவிட்டது. அந்த வழியே அந்நியர் நுழைந்து கணிப்பொறியையே கைப்பற்ற முடியும் என்று பின்னர் தெரிந்தது. வரிசை மாற்றி எழுதியது மனிதரின் பிழை. கதவைக் கழற்றியது கம்பைலரின் வேகம்.

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் என்றெல்லாம் விதிகள் உள்ளன. எல்லாமே வேலையை மெதுவாக்கும் விதிகள்தாம். அவற்றை வீண் தடை என்று எண்ணிய இடங்களில் என்ன நடந்தது என்பதை, செய்தித்தாளைப் பார்த்து அறிய வேண்டாதவர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். எது வீண், எது காவல் என்று பிரித்தறியும் நிதானம் இல்லாதவர் கையில் திருத்தும் பணியைக் கொடுக்கலாகாது.

நம் மொழிக்கு நாம் செய்ய வேண்டிய திருத்தங்களும் காத்திருக்கின்றன. பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று சொல்லும். மெய்யையும், உயிர்க்குறியையும், புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த வினை. மூன்றெழுத்து என்று சரியாக எண்ணித் தரும் ஓப்பன் தமிழ் என்னும் நிரல் தொகுப்பை, எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாகத் தன்னார்வலர்கள் வெளியிட்டுள்ளனர். 'பதிப்பி', 'நிரல்பாகம்' என்று தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் எழில் மொழியை முத்து அண்ணாமலை 2007 முதல் உருவாக்கி, 2013-இல் பொதுவில் வைத்தார். அதன் உட்பகுதியும் திறந்தே கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான் தெரிந்த பெண்ணால் அதைப் படிக்க இயலும்.

ஆனால் நாம் எப்படிப் பழகுகிறோம்? விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண். பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கி மூடிவிடுகிறோம். ஒரு நிரலை இரண்டாம் முறை திறந்து பார்ப்பதே இல்லை. எனவே ஆசிரியப் பெருமக்கள் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு செய்முறை வகுப்பையாவது, புதிய நிரல் எழுதாமல், தோழி ஒருத்தியின் நிரலைப் படித்துத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எவ்வளவு நேரம் குறைந்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ஆண்டு விழாவில் கணிப்பொறிப் பரிசு இரண்டு இருக்கட்டும்: ஒன்று புதிதாகச் செய்தவளுக்கு, மற்றொன்று சிறப்பாகத் திருத்தியவளுக்கு.

தொடங்குவதற்குப் பொருள் வெளியே தேட வேண்டியதில்லை. முன்னாள் மாணவியர் எழுதிச் சென்ற நூலகப் பட்டியல் நிரல் ஆய்வகத்தில் இன்னும் ஓடுகிறது. ஒரு நூலைத் தேடச் சொன்னால் மணி அடிக்கும்வரை யோசிக்கிறது. அதைத் திறப்போம். ஒரு வரியையும் தொடுமுன், இன்று அது தரும் விடைகளை அச்சிட்டு வைத்துக்கொள்வோம். திருத்திய பின் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.