அந்தமான் பட்ஜெட்டை அந்தமானில் பேசுங்கள்

அந்தமான் தலைநகரின் அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். சென்னைக் கப்பல் தாமதமானால் வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்பதை என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இந்தத் தீவுகளுக்கு ஒதுக்கும் பணம் எதற்குப் போகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் அந்தமான் நிக்கோபாருக்கு ரூ.6,212 கோடி. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இருப்பவர்கள் 3.8 லட்சம் பேர். தலைக்கு ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல். மெயின்லேண்டுக்குப் போனால் சொந்தக்காரர்களே, “உங்களுக்கென்னப்பா, எல்லாம் சென்ட்ரல் காசு” என்பார்கள். இந்தப் பேச்சு எனக்கு வலிக்கும். நாங்களும் ஜிஎஸ்டி கட்டுகிறோம், வருமான வரி கட்டுகிறோம். அது போதாது என்பது உண்மைதான். ஆனால் மீதிப் பணம் சலுகையாகக் கரைவதில்லை. மக்கள் வாழும் தீவுகள் முப்பதுக்கு மேல். ஒன்றின் மின்கம்பியை இன்னொன்றுக்கு இழுக்க முடியாததால் தீவுக்குத் தீவு தனி பவர் ஹவுஸ். பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். உற்பத்திச் செலவு நாங்கள் கட்டும் பில்லைப் போலப் பல மடங்கு. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் ஒரு பிரசவம் சிக்கலானால் தலைநகரிலுள்ள ஜி.பி.பந்த் மருத்துவமனைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் கடல் தாண்ட வேண்டும். அந்தக் கப்பலின் உண்மையான செலவை டிக்கெட்டில் வசூலித்தால் யாரும் ஏற முடியாது. திருச்சிக்காரருக்கு அரசு போட்ட ரோடு எப்படியோ, எங்களுக்குக் கப்பல் அப்படி.

ஆக, பணம் வருவதில் எனக்குக் குறையில்லை. எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்யும் இடத்தில் நாங்கள் இல்லை என்பதே குறை.

இங்கே சட்டப்பேரவை கிடையாது. புதுச்சேரியும் யூனியன் பிரதேசம்தான். 1963 முதல் அங்கே பேரவை உண்டு, முதலமைச்சர் தமிழிலேயே பட்ஜெட் வாசிக்கிறார். எங்கள் பட்ஜெட் உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளில் ஒன்றாக நாடாளுமன்றத்துக்குப் போகிறது. அங்கே எங்களுக்கு ஒரே ஒரு எம்.பி.; அவரையும் 1967இல்தான் முதன்முதலாக நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம், அதற்கு முன்பெல்லாம் நியமனம். அந்த ஒருவராவது பேசலாம் என்றால், 2023 மார்ச் 23 அன்று எல்லா மானியக் கோரிக்கைகளும் மக்களவையில் விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறின. அவற்றில் எங்களுடையதும் ஒன்று.

கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாலும் பயனில்லை. 2801 மின்சாரம், 3052 கப்பல், 2215 குடிநீர் என்று தலைப்புவாரியாக ஓடுகிறது. கோடையில் தனிகாரி அணை வற்றும்போது குழாயடியில் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த எண்களால் என்ன தெரியும்? ஹட்பே ஜெட்டிக்கு எவ்வளவு, திக்லிப்பூர் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று அவரவர் ஊர்க்கணக்கு கையில் வர வேண்டும்.

1994 பஞ்சாயத்து ஒழுங்குமுறைப்படி பஞ்சாயத்துத் தலைவர்களாகப் பிரதான்கள் இருக்கிறார்கள், இரண்டு ஜில்லா பரிஷத்துகளும் அவற்றுக்குத் தலைவராக அத்யக்ஷும் உண்டு. வடிகால், நடைபாதை, சமுதாயக் கூடம் என்று அவர்கள் பொறுப்பு சிறிய வேலைகளோடு நின்றுவிடுகிறது. கப்பல், மின்சாரம், பெரிய மருத்துவமனை எல்லாம் செக்ரட்டேரியட்டில் முடிவாகின்றன. நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளில் பஞ்சாயத்து இல்லை, பழங்குடி மன்றங்கள் இருக்கின்றன. கிரேட் நிக்கோபாரில் ரூ.72,000 கோடி என்று கிளம்பிய துறைமுக, விமான நிலையத் திட்டத்துக்கு, முதலில் கொடுத்த ஒப்புதலை அங்குள்ள பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. திட்டம் நிற்கவில்லை.

பேரவை வேண்டும் என்பது பழைய கோரிக்கை, நியாயமானதும்கூட. அதற்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். நான் கேட்பதற்கு ஒரு நிர்வாக உத்தரவு போதும். மதிப்பீடுகளை டெல்லிக்கு அனுப்புவதற்கு முன், தீவுவாரியாகப் பிரித்து, இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் அச்சிட்டு, ஜில்லா பரிஷத், நகராட்சி, பழங்குடி மன்றம் மூன்றிலும் வையுங்கள். கிராம சபையில் படியுங்கள். அங்கே எழும் ஆட்சேபங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டாம். மின்கட்டணத்துக்கு இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இங்கே வந்து பொது விசாரணை நடத்துகிறது. யூனிட்டுக்குச் சில காசு ஏற்றவே எங்களைக் கேட்கிறார்கள். அதே மண்டபத்தில், அதே நாற்காலிகளில், 6,212 கோடியைப் பற்றியும் கேட்கட்டும்.