மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்

மார்ச் மாதம் வந்தாலே பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். போன மார்ச்சில் எங்கள் ஆபீஸ் கணக்குக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் 63 ரூபாய் உதைத்தது. தப்பு இருக்கிறது, தெரிகிறது. எங்கே இருக்கிறது, தெரியவில்லை. பேசாமல் சொந்தப் பாக்கெட்டிலிருந்து 63 ரூபாயைப் போட்டு மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இந்த அவஸ்தை மேதைகளுக்கும் வந்திருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: 147573952589676412927. மொத்தம் 21 இலக்கம். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் 1-ஐக் கழித்தால் வருவது.

மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-ல் இது பகா எண் என்று எழுதிவைத்தார். அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத சுத்த பிரம்மச்சாரி. 1876-ல் லூகாஸ் என்பவர், 'அதெல்லாம் இல்லை, இது வகுபடும்' என்று நிரூபித்தார். சரி, எதால் வகுபடும்? அதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை! அவருடைய சோதனை தப்பு உண்டு என்று சொல்லும், இடத்தைக் காட்டாது. நம்ம ஆடிட்டர் மாதிரி.

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃப்ராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் எழுந்தார். பேச்சு என்றுதான் பெயர். மனுஷர் வாயே திறக்கவில்லையாம். கரும்பலகையில் ஒரு பக்கம் மேலே சொன்ன எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். இன்னொரு பக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். இரண்டு பக்கமும் டாலி! பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கம் கைதட்டியது என்று எழுதியிருக்கிறார் ஈ.டி. பெல் என்ற கணித அறிஞர்.

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆச்சு என்று பெல் பிறகு விசாரித்தபோது, கோல் சொன்னது: மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்.

பெருக்கிக் காட்டக் கொஞ்ச நேரம், பிரித்துப் பார்க்க மூன்று வருஷம். இன்றைய கம்ப்யூட்டருக்கு இந்த எண் கண் சிமிட்டும் வேலை. ஆனால் 600 இலக்கத்தைத் தாண்டினால் அதுவும் கையை விரித்துவிடும். 1977-ல் வந்த ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியப் பூட்டு அந்த தைரியத்தில்தான் தொங்குகிறது.

என் 63 ரூபாய்? மூன்று ஞாயிறு போனது. பெண்ணுக்குச் சொல்லியிருந்த பீச் மூன்று முறை தள்ளிப்போனது. நாலாவது வாரம் ஆபீஸில் ரிட்டயர்மென்ட்டை நெருங்கிய பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, 63-ஐ ஒன்பதால வகுத்துப் பார்த்தீங்களா? மிச்சமில்லாம போனா ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்."

தேடினேன். 1,281-ஐ 1,218 என்று எழுதியிருந்தான் ஒரு மடையன். கையெழுத்து என்னுடையது.

வீட்டில் கோல் கதையைச் சொல்லி நியாயம் தேடினேன்.

"அவர் பேர்ல அமெரிக்காவுல பரிசே குடுக்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்றாள் மனைவி.

அந்த ஞாயிறு பீச்சுக்குப் போனோம். சுண்டல், பலூன், ஐஸ்க்ரீம் என்று எவ்வளவு ஆச்சு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.