வீட்டுக்குள்ளேயே விளையாட்டு வகுப்பு!

குட்டீஸ்! 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் என்ன நடந்தது, தெரியுமா? உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சின்னவர்கள் அம்மா, அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கொரோனா பரவியதால் உலகமெங்கும் பள்ளிகளை மூடினார்கள். 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை மீண்டும் பள்ளி திறந்தது, 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான்!

ஓட்டம் இல்லை, ஆட்டம் இல்லை, நண்பர்களும் பக்கத்தில் இல்லை. காரணமே தெரியாமல் கோபம், அழுகை, தூக்கம் வராமல் புரளுவது என்று பல பிள்ளைகள் தவித்தார்கள்.

அப்போது இங்கிலாந்தில் ஒருவர் ஒரு வேலை செய்தார். அவர் பெயர் ஜோ விக்ஸ். உடற்பயிற்சி சொல்லித் தருபவர். 2020 மார்ச் 23 முதல், வார நாட்களில் காலை 9 மணிக்குத் தன் வீட்டிலிருந்தே யூடியூபில் நேரலையாக அரை மணி நேரம் வகுப்பு நடத்தினார். இரண்டாம் நாளே பார்வையாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? 9,55,185. கின்னஸ் சாதனை!

ஏன் இத்தனை வரவேற்பு? கருவி எதுவும் வேண்டாம்; நிற்க இடம் இருந்தால் போதும். தினமும் ஒரே நேரம். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. சிறு வயதில் வீட்டுச் சூழ்நிலையால் தவித்த தனக்கும் உடற்பயிற்சியே மன அமைதி தந்தது என்று ஜோ விக்ஸ் கூறியிருக்கிறார்.

உடம்பு அசைந்தால் மனசு எப்படி லேசாகும்? இதயம் வேகமாகத் துடிக்கும்போது மூளைக்கும் ரத்தம் நன்றாகப் பாய்கிறது. மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருட்கள் அங்கே சுரக்கின்றன. இரவில் நல்ல தூக்கம் வருகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தால் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வராது.

ஆனால் ஒன்று. தோப்புக்கரணத்தைத் தண்டனையாகப் போடச் சொன்னால் அவமானமாக இருக்கும். அதையே தம்பி, தங்கையோடு எண்ணிக்கொண்டு போட்டால் சிரிப்பு வரும்! பயிற்சி ஒன்றுதான், விரும்பிச் செய்வதில்தான் வித்தியாசம். அதனால் ‘குண்டு’, ‘ஒல்லி’ என்று யாராவது கேலி செய்வதற்காகச் செய்யாதீர்கள். உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். கயிறு தாண்டலாம், நொண்டி அடிக்கலாம், பாட்டுப் போட்டு ஆடலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம். பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். வீட்டில் தங்கையோ அக்காவோ இருந்தால் அவர்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

இன்னொன்றையும் மறக்காதீர்கள். எல்லாக் கவலையும் குதித்தால் போய்விடாது. சோகமோ பயமோ பல நாள் விடாமல் இருந்தால் அம்மா, அப்பா, டீச்சர் என்று நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலைச் சொல்வது போலத்தான் இதுவும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, படித்தது போதும். எழுந்து பத்து முறை குதியுங்கள் பார்க்கலாம்!