படித்த பாடத்துக்கு மறுபடியும் பணமா?

எஸ்.பி.எம். தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு அத்தோடு முடிந்தது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டில் சமூகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டதும் அந்த நிலை மாறத் தொடங்கியது. கைத்தொழிலோடு சான்றிதழும் வாங்கி, அதற்கு மேல் டிப்ளோமா, பட்டம் என்று ஏறிப் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால், ஏறும் வழியில் நம்மவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்று பேச வேண்டும்.

"யுனிவர்சிட்டியில் இடம் கிடைச்சிருச்சு" என்றதும் பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். இடம் கிடைப்பது வேறு, முன்பு படித்த பாடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது வேறு. இந்த இரண்டாவதுக்குத்தான் கிரெடிட் மாற்றம் என்று பெயர். எஸ்.பி.எம்.மில் "கிரெடிட் வாங்கினான்" என்கிறோமே, அது தேர்ச்சியின் தரம். இங்கே கிரெடிட் என்பது உழைப்பின் அளவு. வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேரம் ஒரு கிரெடிட்.

நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் சான்றிதழ் மூன்றாம் படி, டிப்ளோமா நான்காம் படி, இளங்கலைப் பட்டம் ஆறாம் படி. பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். டிப்ளோமா முடித்தவருக்கு வழக்கமாக அதில் 30 விழுக்காடு வரை கழித்துக்கொள்ள இடமுண்டு. அதாவது 36 கிரெடிட். பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 12 பாடங்கள், ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு! ஆனால் இது தானாக வராது. பழைய பாடமும் புதிய பாடமும் நூற்றுக்கு எண்பது பங்காவது ஒத்துப்போக வேண்டும். அந்தப் பாடத்தில் 'சி' தரமாவது எடுத்திருக்க வேண்டும். படிப்பும் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

தரத்தைக் காக்க வேண்டாமா என்று பல்கலைக்கழகங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒத்துவராத பாடத்தைத் தள்ளட்டும். ஆனால் எதைத் தள்ளுகிறோம், ஏன் தள்ளுகிறோம் என்பதைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லட்டும். சேர்ந்து, பணம் கட்டி, கடனிலும் கையெழுத்துப் போட்ட பிறகு, "இதெல்லாம் செல்லாது, மறுபடி படி" என்றால் பிள்ளை எங்கே போவான்? வெட்டிய பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகு, "இந்தக் கணக்குச் செல்லாது, மறுபடி வெட்டிக் கொண்டு வா" என்று கிராணி சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

வசதியுள்ள வீட்டுக்கு ஓராண்டு கூடினால் அது ஓராண்டுதான். செம்பனைக் குலை தூக்கிப் பிழைக்கும் வீட்டுக்கோ அது இன்னும் ஓராண்டுக் கடன். தம்பி தங்கையின் படிப்பு ஓராண்டு தள்ளிப் போவது. பாதியில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, பிள்ளை கல்லூரியில் படிக்கும்போதே ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்; மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. இரண்டு, சேரப்போகும் படிப்பு எம்.கியூ.ஏ. எனும் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, "எத்தனை கிரெடிட் கழிப்பீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள். வாய்ச் சொல் கணக்கில் ஏறாது.

மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதத் தெரிந்த பழைய மாணவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். கோயில் கமிட்டியும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் அவர்களை அழைத்து, ஆண்டுக்கு ஒரு நாள் உட்கார வைத்தால் போதும். திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு, இதற்கு ஒரு மேசை போட முடியாதா?