தோட்டத்துப் பக்கம்: அப்பிள் மரத்தில் பிடித்திருப்பது குருவிச்சை அல்ல



சுவிசில் புதிதாகக் குடும்பத் தோட்டம் குத்தகைக்கு எடுத்த நம்மவர்கள், இலையுதிர்ந்ததும் எங்களிடம் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணை, அப்பிள் மரம் முழுக்கச் சாம்பலும் மஞ்சளுமாய் என்னவோ பிடிச்சிருக்கு. தறிச்சு விடுவமோ?"

தறிக்க வேண்டாம். ஊரில் மாமரத்தில் குருவிச்சை பிடித்தால் கொப்போடு வெட்டி எறிவோம். அந்தப் பழக்கத்தில் வரும் பயம் இது. குருவிச்சை மரத்துக்குள் உறிஞ்சியை இறக்கி நீரையும் உப்புக்களையும் எடுக்கும். இதுவோ இலைக்கன். இதற்கு வேருமில்லை, உறிஞ்சியுமில்லை. பட்டைமேல் ஒட்டியிருப்பதோடு சரி. பாசியும் பூஞ்சணமும் கூடி வாழும் வாழ்க்கை அது. பாசி வெயிலில் உணவு ஆக்கும். பூஞ்சணம் ஈரம் பிடித்து அதற்கு இருக்க இடம் கொடுக்கும். 1867இல் இதைச் சொன்னவர் சுவிஸ் தாவரவியலாளர் சிமோன் ஸ்வென்டெனர். அன்று பலர் அதை ஏற்கவில்லை.

அப்படியென்றால் காய்ப்புக் குறைந்த மரத்தில் இது ஏன் கூடுதலாக இருக்கிறது? மரம் தளர்ந்தால் இலை குறையும். கொப்புகளில் வெளிச்சம் விழும். வெளிச்சம் கண்ட இடத்தில் இலைக்கன் படரும். தளர்ச்சி முந்தி வந்தது; இலைக்கன் பிந்தி வந்தது.

ஆகவே கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். பட்டை காயப்பட்டால்தான் உண்மையான நோய் நுழையும். அடியில் பசளை போடுங்கள். குளிர் முடியும் காலத்தில் பட்ட கொப்புகளைக் கழியுங்கள். பட்டை குழிந்து வெடித்த கொப்பையும், மிஸ்ரெல் என்று இங்கே சொல்லும் உருண்டைப் பச்சைப் பற்றையையும் வெட்டலாம். இந்த நாட்டுக் குருவிச்சை அதுதான்.

இன்னொரு விடயம். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக வாயு இலைக்கனைக் கொல்லும். பாரிசில் லுக்சம்பூர்க் பூங்காவின் இலைக்கன்களைப் பார்த்து, அவை காற்றின் தூய்மையைக் காட்டும் என்று 1866இலேயே நைலாண்டர் என்ற ஆய்வாளர் எழுதினார். பல வகைகள் சேர்ந்து வளர்ந்தால் நல்ல அடையாளம். மஞ்சள் மட்டும் மண்டியிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. எருவிலிருந்து எழும் அமோனியா அதற்குப் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. மரம் தறிக்க முன் குத்தகை ஒப்பந்தத்தை வாசியுங்கள். மொழி விளங்காவிட்டால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் தறித்தால் தோட்டமே கைவிட்டுப் போகலாம். புதுக் கன்று காய்க்கவும் பல வருடம் காத்திருக்க வேண்டும். நமக்கு முன் யாரோ நட்டு வளர்த்த மரம், அது நிற்கட்டும்.