தண்ணீர் சுமப்பவர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். உட்கார்ந்து போவதற்கே பலருக்குக் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வேண்டியிருக்கிறது! நாமக்கல் சகோதரிகளோ, "20 என்ன பிரமாதம்? எங்கள் கொல்லிமலைக்கு 70!" என்பீர்கள். சரி, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஸைக்கிள் மிதித்து வந்து, அதன் பிறகு அப்படி ஒரு மலையில் ஏறச் சொன்னால்?

பிரான்ஸ் தேசத்தில் ஆல்ப் டுவெஸ் என்று ஒரு மலை. 21 வளைவுகள். 'டூர் டி பிரான்ஸ்' பந்தயக்காரர்கள் 1952-லிருந்து பல முறை அதில் ஏறியிருக்கிறார்கள்.

இந்தப் பந்தயம் பிறந்த கதை வேடிக்கையானது. 1903-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை, விற்பனையைப் பெருக்குவதற்காகத் தொடங்கியது. முதல் வருஷம் 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். புறப்பட்டவர்கள் 60 பேர். முடித்தவர்கள் 21 பேர். இப்போது 21 கட்டங்கள், மூன்று வாரம். தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்தத்தில் யாருக்கு நேரம் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. மஞ்சள் ஏன் தெரியுமா? அந்தப் பத்திரிகை அச்சான காகிதம் மஞ்சள்! 1919-லிருந்து வரும் வழக்கம் இது.

சட்டை ஒருவருக்கு, உழைப்பு அவருடையது மட்டுமல்ல. இன்று ஒரு கோஷ்டியில் எட்டுப் பேர். பெரும்பாலும் ஒருவர்தான் தலைவர். மற்றவர்கள் முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வார்கள். பின்னால் ஒட்டி வரும் தலைவருக்குச் சிரமம் குறையும். காருக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பதும் அவர்களே. பிரெஞ்சு பாஷையில் இவர்களுக்குப் பெயர் 'டொமெஸ்தீக்' - வீட்டு வேலைக்காரர்! 1911-ல் பந்தய நிர்வாகி ஒரு வீரரை ஏளனமாகச் சொன்ன வார்த்தை, அப்படியே நிலைத்துவிட்டது.

1934-ல் ரெனே வியேத்தோ என்ற இருபது வயதுப் பையன். மலைகளில் அவனை மிஞ்ச ஆளில்லை. தலைவர் அந்தோனன் மாஞ் இறக்கத்தில் விழுந்து சக்கரம் உடைந்தது. பையன் தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து கண்ணீர் விட்டான். மறுநாளும் தலைவருக்கு ஆபத்து. முன்னால் போய்விட்ட பையன், இறங்கிய மலையில் திரும்ப ஏறி வந்து தன் ஸைக்கிளையே கொடுத்தான்! மாஞ் ஜயித்தார். வியேத்தோவுக்கு ஐந்தாவது இடம். ஆனாலும் அந்தக் கண்ணீர்ப் படத்தைப் பிரான்ஸ் மறக்கவில்லை.

இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. ஜயித்தவர் பரிசுப் பணத்தைத் தானே வைத்துக்கொள்வதில்லை, தோழர்களுக்குப் பங்கிடுவார்.

பெண்கள்? 1984-ல் அவர்களுக்கும் பல கட்டப் பந்தயம் நடந்தது. ஜயித்தவர் அமெரிக்காவின் மேரியன் மார்ட்டின். பரிசு சுமார் 1,000 டாலர்; அதையும் தோழிகளோடு பங்கிட்டுக்கொண்டார். அதே வருஷம் ஆண்களில் ஜயித்தவருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல்! 1989-க்குப் பிறகு அது நின்று, 2022-ல் எட்டுக் கட்டங்களுடன் மறுபடி வந்தது. ஜயித்த நெதர்லாந்துப் பெண்மணி அனமீக் வான் ப்ளூட்டனுக்கு 50,000 யூரோ. ஆண்களில் ஜயித்தவருக்கு 5 லட்சம். நூறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்காகியிருக்கிறது. பாதை இன்னும் ஏற்றம்தான்!

சகோதரிகளே, நம் வீடுகளிலும் மஞ்சள் சட்டைகள் உண்டு. பையன் பரீட்சையில் முதலாவதாகத் தேறினால் மாலை அவனுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தவர் அடுப்படியில் நிற்கிறார். மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போடாவிட்டாலும் போகிறது. "இதில் உன் பங்கும் உண்டு" என்று ஒரு வார்த்தை சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்கிவையுங்கள். பெண் பிள்ளை பந்தயத்தில் இறங்கும் நாளில், தண்ணீர் சுமக்க அண்ணன் தம்பிகளும் வரட்டும்!